பெயர்தானே என்று விட்டுக்கொடுக்காதீர்கள்

கல்லூரி நூலகத்தில் என் மேசைக்கு வருகிற வேலையில் பாதிக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆய்வேடுகளுக்குப் பிளேஜியரிசம் செக் போடுவது, பேராசிரியர்களின் ஆராய்ச்சிப் பக்கங்களைச் சரிபார்ப்பது, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் ஒப்படைக்கும் ஆவணப்படங்களை அட்டவணையில் ஏற்றுவது. மூன்றிலும் திரும்பத் திரும்ப வருகிற தகராறு ஒன்றுதான்: யார் பெயர், எந்த இடத்தில்?

இந்த முறை வந்தவர் கடலூர்ப் பக்கத்து ஆராய்ச்சி மாணவர். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கும் பெண்களைப் பற்றியது அவர் ஆய்வு. அதே களத்தில் நாற்பது நிமிட ஆவணப்படம் ஒன்றும் எடுத்திருந்தார். கட்டுரை ஜர்னலில் வந்துவிட்டது. அதில் இவர் பெயர் மூன்றாவது. முதலில் கைடு. இரண்டாவது, களத்தை எட்டிக்கூடப் பார்க்காத, வரைவைப் படித்திராத துறைத்தலைவர். படத்தைத் திரைப்பட விழாவுக்கு அனுப்பும் படிவத்திலும் ‘இயக்கம்’ என்ற இடத்தில் கைடு பெயர்தான் இருந்தது. கேட்டால், கேமரா துறையுடையதாம். இவரை வீடு வீடாக அழைத்துப்போய் எல்லோரையும் பேசவைத்த மீன்கார அக்காவின் பெயர் இரண்டிலும் இல்லை.

“பரவால்ல மேடம், பேர்தானே, சேத்துட்டா என்ன கொறஞ்சிடப்போவுது” என்றார் மாணவர். இதே வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! என்ன குறையும் என்று இந்தத் தடவை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. இணைப் பேராசிரியர், பேராசிரியர் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரையின் அடிப்படை மதிப்பு 10. அதை எழுதிய ஆசிரியர்கள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டுக்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. இந்த மாணவர் களத்தில் அலைந்து, பேட்டிகளைக் கேட்டு எழுத்தில் இறக்கி, வரைவும் எழுதிய கட்டுரைக்கு அவருக்குக் கிடைப்பது 3. கைடுக்கு 7. துறைத்தலைவருக்கும் அதே 3. மாணவரும் கைடும் மட்டும் பெயர் போட்டிருந்தால்கூட மாணவருக்கு 7 வந்திருக்கும். நாளைக்கு நேர்முகத் தேர்வில் இன்னொருவர் இவரைவிட நாலு புள்ளி கூடுதலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குறைவது இதுதான்.

அடுத்தது பொறுப்பு. மருத்துவ ஜர்னல்களின் பதிப்பாசிரியர்கள் சேர்ந்த சர்வதேசக் குழு, கட்டுரைக்கு ஆசிரியர் என்று பெயர் போட நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ தரவைத் திரட்டுவதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது பொருளறிந்து திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். நான்கில் ஒன்று போதாது, நான்கும் வேண்டும். நிதி வாங்கித் தந்தது மட்டும், பொதுவாக மேற்பார்வை பார்த்தது மட்டும் என்றால் ஆசிரியர் ஆக முடியாது என்று அந்த விதியே சொல்கிறது. அவர்களுக்கு நன்றியுரை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகப் போடக்கூடாது என்று 2023-இல் அதே குழு சொன்னதற்கும் காரணம் இந்த நான்காவது நிபந்தனைதான். கருவி பதில் சொல்லாது.

துறைத்தலைவர்களே, தயவுசெய்து இதை யோசியுங்கள். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் மனத்தாங்கல் வரும், நியாயம். அது உறவுக்கான பட்டியல். கட்டுரையின் தலையில் இருப்பது பொறுப்புக்கான பட்டியல். தரவில் தப்பு என்று ஒரு கட்டுரையை ஜர்னல் திரும்பப் பெற்றால், அந்த அறிவிப்பிலும் அதே பெயர்கள் அதே வரிசையில் நிற்கும். “நான் படிக்கவே இல்லை, மரியாதைக்காகப் போட்டார்கள்” என்று அன்றைக்குச் சொன்னால் அது இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும்.

சரி, அளக்கிறவர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த, ஆய்வாளர்களை அளக்கும் எச்-இண்டெக்ஸ் என்ற எண் கணக்கில் எடுப்பது கட்டுரைகளையும் மேற்கோள்களையும் மட்டுமே. தனியாக எழுதினீர்களா, நூறு பேரில் ஒருவராகவா என்பது அதற்குத் தெரியாது. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி செர்ன் ஆய்வுக்கூடத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களுமே. அதில் ஒரு பெயருக்கும், தனியாளாகக் கல்வெட்டுகளைப் படித்து எழுதியவரின் பெயருக்கும் அந்த எண் வித்தியாசம் காட்டாது. வரிசையின் பொருளும் துறைக்குத் துறை மாறும். கணிதத்தில் அகரவரிசை. உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தலைவருடையது. ஒரு துறைக்காரர் இன்னொரு துறையின் பட்டியலை மதிப்பிட உட்கார்ந்தால் தலைகீழாகத்தான் படிப்பார்.

பிளேஜியரிசம் செக்கை நம்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “பத்து சதவீதத்துக்குக் கீழ வந்துடுச்சு, அப்ப இது என் எழுத்துதானே?” அந்த மென்பொருள் வார்த்தைகள் எங்கே ஒத்துப்போகின்றன என்று காட்டும், அவ்வளவே. யாரோ எழுதிக்கொடுத்த ஆய்வேடு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரலாம். உங்கள் சொந்தக் கட்டுரையை ஆய்வேட்டில் சேர்த்தால் எண் ஏறலாம். 10 சதவீதம் என்பது, கருத்துத் திருட்டைத் தடுக்க மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் தண்டனை தொடங்கும் எல்லை. அது யாருக்கும் ஆசிரியர் பட்டம் கொடுப்பதில்லை.

பெயரை எண்ணாமல் பங்கைச் சொல்லும் முறையும் இருக்கிறது. கிரெடிட் என்ற வகைப்பாடு 14 பங்குகளைப் பிரித்துச் சொல்கிறது: கருத்துரு, ஆய்வுமுறை, களப்பணி, தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, திருத்தம், மேற்பார்வை, நிதி என்று. 2022-இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆகிவிட்டது. ஜர்னல்கள் கேட்கும்போது நம்மவர்கள் எல்லாப் பெயருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து அனுப்புகிறார்கள். ஏன்? பங்கைப் பிரித்துச் சொல்வது நமக்குப் புதிதா என்ன? ஐங்குறுநூற்றை எடுத்துப் பாருங்கள். பாடியவர்கள் ஐந்து பேர். தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அரசனே தொகுப்பித்தாலும் அவனைப் புலவர் வரிசையில் யாரும் சேர்க்கவில்லை. இங்கே புதுச்சேரியிலேயே, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1984 முதல் வெளியிட்ட தேவாரப் பதிப்பில், பதிப்பித்தவர் தி. வே. கோபாலய்யர், வழிநடத்தியவர் பிரான்சுவா குரோ என்று இரண்டு பங்கும் தனித்தனியே நிற்கும். வழிநடத்துவது பெரிய வேலைதான். அதை அந்தப் பெயரிலேயே சொல்லலாம்.

படத்துக்கு வருகிறேன். இங்கே குழப்பம் இன்னும் கூடுதல்.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். இயக்குநர் அல்ல. இதைக் கேட்டதும் துறைகள் துள்ளிக் குதிக்கின்றன: கேமரா எங்களுடையது, எடிட்டிங் கணினி எங்களுடையது, ஆகவே நாங்களே தயாரிப்பாளர். அடுத்த வரியையும் படியுங்கள். படைப்பை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுப்பவரே தயாரிப்பாளர் என்று அதே சட்டம் விளக்குகிறது. கருவிக்குச் சொந்தக்காரர் என்று சொல்லவில்லை. அப்புறம், தயாரிப்பாளர் யார் என்பது வேறு கேள்வி, இயக்கியவர் யார் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலை இரண்டாவதில் எழுதக் கூடாது. பிரான்சில் சட்டம் வேறு: திரைக்கதை, தழுவல், வசனம், இசை, இயக்கம் செய்தவர்களைக் கூட்டாசிரியர்களாகக் கொள்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குழுக்களோடு படம் செய்யும் பிள்ளைகள், எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற கருத்து 1950-களில் பிரெஞ்சு விமர்சகர்கள் வலியுறுத்தியது. கதைப்படங்களைப் பற்றிய வாதம் அது. ஆவணப்படத்தில் எழுதி வைத்த திரைக்கதை பல சமயம் இருக்காது. மணிக்கணக்கான ஃபுட்டேஜிலிருந்து படம் எது என்று கண்டுபிடிக்கிறவர் எடிட்டர். ‘சேல்ஸ்மேன்’ என்ற 1969 அமெரிக்க ஆவணப்படத்தில் மேசல்ஸ் சகோதரர்களோடு, எடிட் செய்த சார்லட் ஸ்வெரின் பெயரையும் இயக்குநராகவே போட்டார்கள். அந்த நேர்மை நம் டைட்டில் கார்டுகளில் எப்போது வரும்?

மாணவரின் எடிட்டிங் டைம்லைனைத் திறந்து காட்டச் சொன்னேன். துறைமுகத்தில் விடியற்காலைக் காட்சி. கேமரா படகுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து அந்த அக்காவின் குரல்: “அத எடுத்து என்னா பண்ணப்போற, இந்தாண்ட திருப்பு தம்பி, ஏலம் இங்கதான் கூவுவாங்க.” கேமரா திரும்புகிறது. படத்தின் மிகச் சிறந்த காட்சி அங்கேதான் தொடங்குகிறது. முடிந்த படத்தில் அந்தக் குரலை வெட்டிவிட்டார்கள். கேமரா தானாகவே திரும்பியதுபோல் இருக்கிறது. அவரை இயக்குநர் என்று போடச் சொல்லவில்லை. களவழிகாட்டி, ஆய்வுத் துணை, எது பொருத்தமோ அது. பேசியவர், வழிகாட்டியவர் பெயர்களுக்கு எங்கள் அட்டவணையில் தனி இடமே இருக்கிறது: உருவாக்கியவர்களுக்கு 508-ஆம் புலம், பங்கேற்றவர்களுக்கு 511. டைட்டில் கார்டில் பெயர் இல்லாததால் என்னால் நிரப்ப முடியாமல் கிடக்கும் 511-களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இதைவிடக் கவலையான விஷயம் ஒன்று. ஆய்வேட்டில் இதே அக்கா ‘தகவலாளி 7’. அடையாளம் காக்கப்படும் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படத்தில் அவர் முகம், குரல், வீட்டு வாசல் எல்லாம் தெரிகிறது. ஆய்வேட்டில் ‘தகவலாளி 7’ வட்டிக்காரரைப் பற்றிச் சொன்ன வரிகளும் படத்தில் அவர் பேசியதும் ஒன்றே. ஆய்வேடு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறியதும் ஊரில் யார் வேண்டுமானாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மறைக்க வேண்டிய இடத்தில் காட்டி, பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் மறைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கும் படத்துக்கும் தனித்தனியே ஒப்புதல் வாங்குங்கள். பெயர் வேண்டுமா, மாற்றுப்பெயரா, முகம் தெரியலாமா என்று அவரையே கேளுங்கள். வெளியிடுவதற்கு முன் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. களத்துக்குப் போவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யார் என்ன செய்யப்போகிறோம், முதல் பெயர் யாருடையது, ஃபுட்டேஜ் யாருடையது. கைடும் மாணவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை மாறினால் தாளையும் மாற்றுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கட்டுரை வெளியான பிறகு ஆசிரியர் வரிசையை மாற்ற ஜர்னல் எல்லா ஆசிரியர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் கேட்கும். விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒருவர் போதும், அதோடு நின்றுவிடும்.

பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவத்தின் ‘கடைசிப் பெயர்’ கட்டத்தில் ஒருமுறை அப்பா பெயர், ஒருமுறை இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று போட்டால் தரவுத்தளம் உங்களை மூன்று ஆளாகப் பிரித்துவிடும். அதே இனிஷியலோடு இன்னொரு செல்வி இருந்தால் அவர் கட்டுரைகள் உங்கள் கணக்கில் வந்து சேரும். ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண்ணை இலவசமாகவே எடுக்கலாம். முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், கூட உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

கைடுகளிடம் ஒரு வேண்டுகோள். பயந்துபோன மாணவர் தானாக உங்கள் பெயரை முதலில் எழுதிக்கொண்டு வந்தால், வாங்கிக்கொள்ளாதீர்கள். வரைவில் யார் எதை எழுதியது என்று அவரோடு உட்கார்ந்து குறித்துவிட்டு, அதற்கேற்ற வரிசையை நீங்களே சொல்லுங்கள். மாணவரால் அந்தப் பேச்சைத் தொடங்க முடியாது. நீங்கள்தான் தொடங்க வேண்டும்.

விஸ்காம் பிள்ளைகளுக்கு: இந்தப் பருவத்திலிருந்து படத்தை ஒப்படைக்கும்போது பெயர்ப்பட்டியலைத் தனித்தாளில் கொண்டுவாருங்கள். கேமரா, ஒலி, எடிட்டிங், சப்டைட்டில், பேசியவர்கள், வழிகாட்டியவர்கள், பெயர் வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர் என்பது வரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். தாள் இல்லாமல் வரும் பென்டிரைவை நான் வாங்கப்போவதில்லை.