வால் இல்லாத கோப்புகள்

கோப்பின் பெயர் ‘கடிதம்’, அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் புள்ளி இல்லை, ‘.txt’ போன்ற மூன்றெழுத்து வாலும் இல்லை. இருமுறை சொடுக்கினால் எடிட் நிரல் தானாக எழுந்து அதைத் திறக்கிறது. 1987இல் வந்த, ஏகார்ன் நிறுவனத்தின் ஆர்க்கிமிடிஸ் வீட்டுக் கணினியில், ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அங்கே புள்ளி, கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. வால் ஒட்ட அதைத் தொட முடியாது.

அப்படியானால் கோப்பு உரையா படமா என்ற வகை எங்கே இருக்கிறது? ஏகார்னின் முந்தைய கணினியான பிபிசி மைக்ரோவில் ஒவ்வொரு கோப்போடும் இரண்டு முகவரிகள் பதிவாகும்: நினைவகத்தில் எங்கே ஏற்றுவது, எங்கிருந்து இயக்குவது. ஒரு கடிதத்துக்கோ படத்துக்கோ இவற்றால் என்ன பயன்? ஆர்க்கிமிடிஸில் இரண்டும் சேர்ந்து 64 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 64 இடங்கள். காலி மனையைக் கூறுபோடுவதுபோல அதைப் பிரித்தார்கள். முதல் 12 பிட்டும் 1 என்றிருந்தால், இது முகவரி அல்ல என்று பொருள். அடுத்த 12 பிட் கோப்பின் வகை. 4096 வகைகளுக்கு இடம் உண்டு. மிச்சமுள்ள 40 பிட்டில், 1900 ஜனவரி 1 முதல் ஓடிய காலம் நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் பதிவாகிறது. அது 2248 வரை தாங்கும். புதிதாக எதையும் சேர்க்காமல் வகையும் தேதியும் கிடைத்துவிட்டன. கஞ்சத்தனம்தான், ஆனால் எனக்குப் பிடித்த கஞ்சத்தனம்.

எந்த வகையை எந்த நிரல் திறக்க வேண்டும் என்பது தனிக் கதை. இங்கே நிரல் என்பது ஆச்சரியக்குறியில் தொடங்கும் பெயர் கொண்ட ஒரு கோப்புறை. அது இருக்கும் சாளரத்தைத் திறந்ததும், கோப்புகளைக் காட்டும் ஃபைலர் அதற்குள் உள்ள ‘பூட்’ கோப்பை ஓடவிடுகிறது. ‘இந்த வகை என்னுடையது’ என்று அமைப்பு மாறி ஒன்றில், அதாவது இயங்குதளம் நினைவில் வைத்திருக்கும் பெயரிட்ட குறிப்பில், எழுதிவைப்பது அந்த பூட் கோப்பின் வேலை. ஆகவே நிரல் உள்ள வட்டை ஒருமுறையாவது திறந்து காட்டியிருக்க வேண்டும். ஃபைலர் காணாத நிரல் அதற்கு இல்லாத நிரல். கணினியை அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். நிலையாக வேண்டுமென்றால், தொடக்கத்தில் ஓடும் கோப்பில் அதே வரியை நாமே எழுதிவிடலாம்.

சொடுக்கியதும் ஃபைலர் நேராக அந்த மாறியிடம் போவதில்லை. ‘இந்த வகைக் கோப்பு வந்திருக்கிறது, யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?’ என்று ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களிடம் முதலில் கேட்கிறது. முதலில் கைதூக்குபவருக்குக் கோப்பு. ஒருவரும் வாய் திறக்காதபோதுதான் மாறியைப் புரட்டுகிறது.

வகையை மாற்றுவது எளிது: சுட்டியின் நடுப் பொத்தானை அழுத்தி, பட்டியில் ‘செட் டைப்’ எடுத்து, புதிய வகையைத் தட்டச்சு செய்தால் போதும். ஒரு படத்தை இப்படி உரை என்று மாற்றிப் பார்த்தேன். எடிட் கொஞ்சமும் தயங்காமல் அதைத் திறந்து, திரை நிறையக் குப்பை எழுத்துகளைக் கொட்டியது. சேமிக்காமல் மூடி, பழைய வகையைத் திருப்பிக் கொடுத்தேன். படம் ஒரு பைட்கூடக் குலையாமல் வந்து நின்றது.