நிக்ஷய் எண் இல்லாத காசநோய் சிகிச்சை

காசநோயாளி எவரைக் கண்டறிந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தனியார் மருத்துவர்களுக்கும் 2012 மே மாதம் முதல் கட்டாயம். அதே ஆண்டு தொடங்கப்பட்ட நிக்ஷய் என்னும் இணையதளம் அதற்கு வழி செய்தது. 2018 மார்ச்சில் வெளியான அரசிதழ் அறிவிக்கை ஆய்வகங்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் உள்ள பொறுப்பை வலியுறுத்தியதோடு, தெரிவிக்கத் தவறினால் தண்டனைச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொன்னது. இத்தனைக்குப் பிறகும், வேறிடத்தில் வாரக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, அந்த இணையதளத்தில் பதிந்ததும் நோயாளிக்குக் கிடைக்கும் நிக்ஷய் எண் என்றால் என்னவென்றே தெரியாமல் என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நுரையீரல் மருத்துவராக எனக்கு இது மிகுந்த கவலை அளிக்கிறது.

பின்னலாடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை பார்க்கும் பெண் ஒருவர் அப்படித்தான் வந்தார். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை அறிக்கை, மாத்திரை அட்டைகள் என எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்கு எழுதப்பட்டிருந்த மருந்துகள் சரியானவையே. ஆனால் ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று பார்க்கும் மூலக்கூறு பரிசோதனை செய்யப்படவில்லை. வீட்டில் அவரோடு ஒரே அறையில் உறங்கும் மூன்று வயது மகனை யாரும் பரிசோதிக்கவும் இல்லை. நிக்ஷயில் பதிந்த பிறகு அந்த மூலக்கூறு பரிசோதனை அரசு ஆய்வகத்தில் கட்டணமின்றி நடந்தது. காசநோய்த் திட்டக் களப்பணியாளர் வீட்டுக்குச் சென்று குழந்தையை அழைத்துவந்தார். நோய் இல்லை என்று உறுதிசெய்த பின் அவனுக்குத் தடுப்பு மருந்து தொடங்கப்பட்டது. என் அறையில் உட்கார்ந்துகொண்டு நான் எவ்வளவு நல்ல மருந்து எழுதினாலும், அந்த வீட்டுக்குள் போகும் ஆள்பலம் என்னிடம் இல்லை.

பதிந்துவிட்டால் நோயாளி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவார் என்று சக மருத்துவர்கள் சிலர் தயங்குகிறார்கள். அவர் விரும்பும் மருத்துவரிடமே சிகிச்சையைத் தொடரத் தடை ஏதும் இல்லை. தெரிவிக்கும் தனியார் மருத்துவருக்கு 500 ரூபாயும், சிகிச்சையின் முடிவைப் பதிந்த பின் மேலும் 500 ரூபாயும் ஊக்கத்தொகையாக உண்டு. சளியில் கிருமி தெரிந்தவர்களை மட்டும் தெரிவித்தால் போதும் என்ற எண்ணமும் தவறு. நெறிக்கட்டி, நுரையீரல் உறையில் நீர்க்கோப்பு என எந்த வடிவில் வந்தாலும், மருத்துவர் காசநோய் என்று முடிவுசெய்து மருந்து தொடங்கினால் அதைப் பதிய வேண்டும்.

நோயாளியின் அச்சம் வேறு. அந்தப் பெண் கேட்டது, “கம்பெனிக்கும் வீட்டு ஓனருக்கும் தெரிஞ்சிடுமா டாக்டர்?” என்பதைத்தான். அதனால், விவரங்களை யார் பார்ப்பார்கள், எதற்காக என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கணினியைத் திறக்கிறேன். வருவதற்கு முன் தொலைபேசியில் பேசும்படியும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டாம் என்றும் களப்பணியாளரிடம் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாததால்தான் பலர் தவறான கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பது என் கருத்து.

கைபேசி எண் தவறினால் பதிவினால் பயன் இல்லை. உறவினரின் கைபேசி எண்ணோடும் “மாரியம்மன் கோயில் பின்புறம்” என்ற முகவரியோடும் பதிந்த ஒருவரை எந்தக் களப்பணியாளராலும் தேடிப்பிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் இருவிதமாகப் பெயர் எழுதப்பட்டதால் ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவமனைகளில் இரண்டு எண்கள் உருவாவதும் உண்டு. ஆகவே புதிதாகப் பதிவதற்கு முன், கைபேசி எண்ணைக்கொண்டு பழைய பதிவு இருக்கிறதா என்று தேடிப்பார்ப்பது நல்லது. வங்கிக் கணக்கு விவரமும் பிழையின்றி இருக்க வேண்டும். 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்து, 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊட்டச்சத்து உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் செல்கிறது.

பெரும்பாலும் விடுபடுவது சிகிச்சை முடிவுப் பதிவு. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீடிக்கும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று, உடம்பும் தேறிவிடுவதால் மருந்தை நிறுத்துகிறவர்கள் பலர். அப்படி ஒருவர் மருந்து வாங்க வராத விவரம் அப்போதே நிக்ஷயில் ஏறினால் களப்பணியாளர் அவரைத் தேடிப் போக முடியும். மருத்துவமனைகளில் இப்பொறுப்பைக் கணக்கர் மேல் போடாமல், மருந்து வழங்கும் செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ கொடுப்பதே பொருத்தம், ஏனெனில் வராதவர் யார் என்பது முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களும் தங்கள் நிக்ஷய் எண்ணை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; ஐயம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரிக்கலாம்.