விளக்கடி மரமும் விடிய விடிய விழித்திருக்கும் மாணவரும்

குளிர்நாட்டுக் கல்லூரி வளாகம் ஒன்றில் இலையுதிர் காலம் முடியும் தறுவாயில் நடந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் மரங்கள் மொட்டையாகியிருக்கும். பாதை விளக்கை ஒட்டி நிற்கும் மரத்தில் மட்டும், அதிலும் விளக்கைப் பார்த்த கிளைகளில் மட்டும், இலைகள் விழாமல் இருக்கலாம். எட்வின் மாட்ஸ்கே என்ற தாவரவியலாளர் நியூயார்க் நகரத் தெருவிளக்குகளின் அருகே இதைக் கவனித்து 1936-ல் பதிவு செய்தார். அதே மண், அதே குளிர். மாறியது இரவின் இருட்டு மட்டுமே.

ஒரு வளாகம் ஆண்டு முழுக்கக் காட்டும் அழகின் பெரும்பகுதி இந்த இருட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. அந்த மரங்களுக்கடியில் நடந்து வகுப்புக்குப் போகும் மாணவரின் உடலும் வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்தே நேரம் பார்க்கிறது. மரத்தைக் குழப்பும் விளக்கு மனிதரையும் குழப்புகிறது.

மரத்திலிருந்தே தொடங்கலாம். பருவம் மாறுவதை வெப்பநிலையை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முயன்றால் மரம் ஏமாந்துபோகும். குளிர்காலத்தின் நடுவிலும் நாலு நாள் வெயில் அடிக்கும். பகலும் இரவும் நீள்வதும் குறைவதும் அப்படியல்ல, ஆண்டுதோறும் ஒரே தேதியில் ஒரே அளவு. செடிகள் இந்தப் பகல் நீளத்தை வைத்தே பருவம் அறிகின்றன என்பதை அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்டு இருவரும் 1920-ல் வெளியிட்டார்கள். அவர்களிடம் இருந்த ஒரு புகையிலை வகை கோடை முழுவதும் ஆளுயரத்தைத் தாண்டி வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் பூத்துவிடும். கோடையிலேயே அதை மாலையில் இருட்டறைக்குள் தள்ளிப் பகலைச் சுருக்கினார்கள். பூத்தது.

அப்புறம் 1938-ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் இன்னும் நுணுக்கமாக ஒன்றைக் கண்டார்கள். நீண்ட இரவில் பூக்கும் ஒரு களைச்செடிக்கு நடு இரவில் சில நிமிடம் வெளிச்சம் காட்டினாலே போதும், அது பூப்பதை நிறுத்திவிடும். பகலுக்கு நடுவே இருட்டு காட்டினால் ஒன்றும் ஆவதில்லை. அப்படியென்றால் செடி எண்ணுவது பகலின் நீளத்தை அல்ல, தொடர்ந்து இருக்கும் இரவின் நீளத்தை.

எண்ணும் கருவி இலையில் இருக்கும் பைட்டோக்ரோம் என்ற புரதம். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் அது செயல்படும் வடிவத்துக்கு மாறும். 730 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இருட்டிலும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். செல்லுக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரத்தோடு இந்தத் தகவலைச் சேர்த்துத்தான் செடி இரவை அளக்கிறது. நடு இரவில் விளக்கு எரிந்தால் கணக்கு கலைகிறது, இலை உதிர்வதும் தள்ளிப்போகிறது.

இரவு நீண்டு குளிரும் சேர்ந்ததும் மரம் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. விடுதி அறையைக் காலி செய்யும் மாணவர், விலைமதிப்பானதை எல்லாம் மூட்டை கட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். மரமும் அப்படித்தான். இலையில் இருக்கும் நைட்ரஜன் எளிதில் கிடைக்காத சரக்கு. அதனால் இலையின் புரதங்களை உடைத்து, நைட்ரஜனில் பாதிக்குப் பக்கமாகக் கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இந்த வேலையின் ஊடேதான் பச்சையமும் சிதைகிறது. பச்சை விலகியதும், கோடை முழுக்க இலைக்குள்ளேயே மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளின் மஞ்சளும் ஆரஞ்சும் தெரிய வருகின்றன.

சிவப்பு வேறு கதை. மேப்பிள் இலையின் சிவப்பு முன்பே இருந்தது அல்ல. சாகப்போகும் இலை புதிதாகத் தயாரிக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி அது. உதிரப்போகும் இலையில் ஏன் இந்தச் செலவு? பச்சையம் சிதையும் நேரத்தில் வெயில் இலையைப் பொசுக்கிவிடாமல் காத்து, சரக்கை மீட்கும் வேலை முடியும்வரை நிழல் தருகிறது என்பதே வலுவான விளக்கம். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருக்கும் ஆண்டுகளில் சிவப்பு அதிகமாவதற்குக் காரணம், அப்போது இலையில் சர்க்கரை தேங்குவதுதான். ஆந்தோசயனின் தயாரிக்க அது உதவுகிறது.

கடைசியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய செல் அடுக்கு பிரிகிறது. இலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆக்சின் என்ற ஹார்மோன் குறைந்ததும், எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கி, செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை கரைகிறது. பிரிந்த இடத்தை மரம் தக்கை போன்ற அடுக்கால் மூடிவிடுகிறது. கிங்கோ மரத்தில் எல்லாக் காம்புகளும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தயாராகிவிடும். ஓர் உறைபனி இரவுக்குப் பின் ஒரே நாளில் மரம் மொத்தமும் கொட்டிவிடும். டோக்கியோ பல்கலைக்கழகம் கிங்கோ இலையைச் சின்னமாகவே வைத்திருக்கிறது.

வசந்தத்தில் பூப்பதற்குக் குளிரும் வேண்டும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நடுமுற்றத்தில் நிற்கும் செர்ரி மரங்கள் 1960களில் வேறு இடத்திலிருந்து பெயர்த்து நடப்பட்டவை. மார்ச் மாதத்தில் அவை பூக்கும்போது ஊரே திரண்டு வருகிறது. அந்த மொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிட்டவை. போதுமான அளவு குளிரில் கிடந்த பிறகே உறக்கம் கலைந்து, வெப்பம் ஏற ஏற விரிகின்றன.

வெப்ப நாடுகளில் பகல் நீளம் ஆண்டு முழுக்க அதிகம் மாறுவதில்லை. அங்கே தண்ணீர்தான் முக்கியக் கடிகாரம். வறண்ட மாதங்களில் இலையைக் கொட்டி நீர் இழப்பைக் குறைத்துக்கொண்டு, இலை மறைக்காத கிளைகளில் பல மரங்கள் பூத்துத் தள்ளும். பூச்சிக்கும் பறவைக்கும் தூரத்திலிருந்தே தெரியும். பிறகு முதல் மழை, அதனோடு மண்வாசனை. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அதன் முக்கிய மணம். மழைத்துளி மண்ணில் விழும்போது அடியில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் மேலே வந்து வெடித்து, நுண்துளிகளைத் தெறிக்கவிடுகின்றன. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2015-ல் வெளியிட்டார்கள்.

சரி, மாணவர்களுக்கு வருவோம். நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் போக, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் கொஞ்சம் இருக்கின்றன. 2002-ஐ ஒட்டித்தான் அவற்றின் வேலை தெளிவானது. சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளியை உணர்ந்து, மூளையின் கடிகாரத்துக்குச் சேதி அனுப்புவது அவற்றின் பணி. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும்; இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளி, இரவு வந்துவிட்டதை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதையும் தாமதப்படுத்தும். கல்லூரி வயது இதில் தனிச்சிக்கல். 2004-ல் வந்த ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வின்படி, வாழ்நாளிலேயே தூக்கம் மிகத் தாமதமாக வரும் வயது 20-ஐ ஒட்டியது. விடிய விடிய விழித்திருக்கும் இளைஞரைச் சோம்பேறி என்று திட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

செர்ரி பூக்கும் அதே பல்கலைக்கழகத்தில் 2015 முதல் 2018 வரை 507 மாணவர்களின் கையில் கருவி கட்டித் தூக்கத்தையும் ஒளியையும் அளந்தார்கள். சியாட்டிலில் குளிர்காலப் பகல் எட்டரை மணி நேரம்தான், கோடையில் 16. குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டுவதால் சீக்கிரம் தூங்குவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது நேர்மாறு: வகுப்புள்ள நாட்களில், கோடையைவிட 35 நிமிடம் தாமதமாகப் படுத்து, 27 நிமிடம் தாமதமாக எழுந்தார்கள். இரவு விளக்கும் திரையும் எல்லாப் பருவத்திலும் இருப்பவை; குளிர்காலத்தில் குறைந்துபோனது பகல் வெளிச்சம். வெளியே பகலொளியில் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடல் கடிகாரத்தைச் சுமார் அரை மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவந்தது என்றும் அந்த ஆய்வு கணக்கிட்டது. மேகமூட்டமான காலைகூட அறை விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசமானது.

மரங்களால் இன்னொரு பயனும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்மன், ஜோனிடஸ், கப்லான் மூவரும் 2008-ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் சுமார் 50 நிமிடம் மரத்தோட்டத்திலும், வேறொரு வாரம் ஊரின் பரபரப்பான தெருக்களிலும் நடந்தார்கள். நடைக்கு முன்னும் பின்னும் எண்களைத் தலைகீழாகச் சொல்லும் நினைவுச் சோதனை. தோட்டத்தில் நடந்தபோது மதிப்பெண் சுமார் 20 சதவீதம் கூடியது. தெரு நடையில் அப்படிக் கூடவில்லை. ஜனவரிக் குளிரில் நடந்தவர்களுக்கு நடை இனிமையாக இல்லை, ஆனாலும் இதமான பருவத்தில் நடந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அவர்களுக்கும் கிடைத்தது. புதுக் கட்டடத்துக்கு இடம் தேடும் நிர்வாகங்கள் மரத்தோப்பை வெறும் காலியிடமாக அளப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பாதை விளக்குகள் வேண்டும், இரவில் நடப்பவரின் பாதுகாப்பு முக்கியம். அவற்றின் ஒளி கிளைகளுக்குள்ளும் விடுதி ஜன்னல்களுக்குள்ளும் பாயாமல் தரையை மட்டும் பார்க்கும்படி மூடி போடுவது பெரிய செலவும் அல்ல.