கடைச் சரக்கை ரயிலேற்றும் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

ரயில் வேலை என்றாலே நம் ஊரில் தேர்வு எழுதிப் போகும் அரசு வேலைதான் நினைவுக்கு வரும். கன்டெய்னர் ரயில் இயக்கத்தை 2006-இல் தனியாருக்கும் திறந்துவிட்ட பிறகு இன்னொரு வாசலும் உண்டு. சோப்பு, பிஸ்கட், ஃப்ரிட்ஜ், துணிமணி என்று கடைகளுக்குப் போகும் சரக்கை லாரியிலிருந்து ரயிலுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை அது. நான் இருப்பது இந்தத் தொழிலில்தான். சுற்றுச்சூழல் மீதுள்ள அக்கறையோடு இதற்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் லாபம் எங்கே கிடைக்கிறது, எங்கே ஒழுகிப் போகிறது என்று தெரிந்துகொண்டு வர வேண்டும்.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோனால் சாலையில் சுமார் 101 கிராம், ரயிலில் சுமார் 11.5 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்பது இந்தியாவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இதை வைத்து, 15 டன் ஏற்றிய ஒரு கன்டெய்னர் பெட்டியை 2,000 கி.மீ. அனுப்புவதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரியில் 3,030 கிலோ, ரயிலில் 345 கிலோ. ஆனால் தொழிற்சாலையிலிருந்து, பெட்டிகளை ரயிலில் ஏற்றி இறக்கும் டெர்மினலுக்கும், அந்தப் பக்கம் டெர்மினலிலிருந்து கிடங்குக்கும் லாரிதான் ஓட வேண்டும். பக்கத்துக்கு 60 கி.மீ. என்றால் இன்னும் 182 கிலோ சேரும். அப்போதும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மிச்சம்.

அதே பெட்டி 300 கி.மீ. மட்டும் போகிறது என்றால்? நேர் லாரியில் 455 கிலோ. ரயிலும் இரு முனை லாரிகளும் சேர்ந்து 234 கிலோ. மிச்சம் பாதியாகிவிட்டது. அந்த லாரிகள் காலியாகத் திரும்பினால் இன்னும் குறையும். "ரயிலில் அனுப்பினால் தொண்ணூறு சதவீதம் மிச்சம்" என்று விளம்பரத்தில் போடுபவர்கள் இந்த முனைகளைச் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்துச் சொல்லும் துணிவுள்ள ஆட்கள்தான் இப்போது தேவை.

அடுத்தது ரேக், அதாவது ஒரே ரயிலாக ஓடும் வேகன்களின் தொகுப்பு. ஒரு கன்டெய்னர் ரேக்குக்கு வழக்கமாக 45 வேகன். இருபது அடிப் பெட்டியாக 90 ஏறும். கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்துக்கோ நாளைக்கு இரண்டு மூன்று பெட்டி போதும், ஆனால் தினமும் வேண்டும். பல நிறுவனங்களின் பெட்டிகளைத் திரட்டி, ஒரே நாளில் ஒரே டெர்மினலுக்கு வரவைத்து ரேக்கை நிறைப்பதில்தான் எங்கள் உழைப்பின் பெரும்பகுதி போகிறது. அப்புறம் ரிட்டர்ன் லோடு. டெல்லிப் பக்கம் போன பெட்டி அரிசியோ பருப்போ டைல்ஸோ ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். காலியாக வந்தால் மேலே போட்ட கணக்கு அவ்வளவும் மாறிவிடும், பணமும் போகும். ரிட்டர்ன் லோடு பிடித்துக் கொடுக்கும் ஆளை நான் இந்தத் துறையின் மிக முக்கியமான சுற்றுச்சூழல் ஊழியர் என்றே நினைக்கிறேன்.

பிஸ்கட், நூடுல்ஸ் போன்ற சரக்கில் இடம் நிறைந்துவிடும், எடை ஏறாது. இதற்குப் பொருத்தமானது இரட்டை அடுக்கு ரயில். சரக்கு ரயிலுக்கென்றே தனியாகப் போட்ட மேற்கு சரக்குத் தடத்தில் மின்கம்பியை உயர்த்திப் போட்டிருப்பதால் மின்சார இன்ஜினே பெட்டிமேல் பெட்டி வைத்து இழுக்கிறது. அதே தடத்தில் குஜராத்தின் பாலன்பூருக்கும் ஹரியானாவின் ரேவாரிக்கும் நடுவே பால் டேங்கர் லாரிகளையே வேகனில் ஏற்றி அனுப்புகிறார்கள். கொங்கண் ரயில்வேயில் லாரிகள் இப்படி 1999 முதல் ரயிலேறுகின்றன. தெற்கே இப்படித் தனித் தடம் இல்லை. பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு நின்று நின்றுதான் நம் சரக்கு வரும். சரக்கு எப்போது வந்து சேரும் என்று வாடிக்கையாளருக்கு உறுதி சொல்ல முடியாமல் தவிப்பது இந்த வேலையின் கஷ்டமான பக்கம்.

என்னென்ன வேலைகள்? டெர்மினலில் ஏற்றி இறக்குவதைக் கவனிப்பது, ரேக் திட்டமிடுவது, முனை லாரிகளை ஏற்பாடு செய்வது, வாடிக்கையாளரைப் பிடிப்பது. ரேக் வந்து நின்ற நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும், தாமதமானால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம். ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வரும். புதிதாக வளர்வது உமிழ்வுக் கணக்கு வேலை. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 முதல் பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புணர்வு அறிக்கையைக் கட்டாயமாக்கியதால், சரக்கு அனுப்பியதில் எவ்வளவு கார்பன் வெளியானது என்ற கேள்வி எங்கள் மேசைக்கும் வருகிறது. போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிட 2023-இல் வந்த ஐஎஸ்ஓ 14083 தரத்தைப் படித்து வைத்திருப்பவர் இன்னும் குறைவு.

எந்தப் பட்டம் படித்தவரும் வரலாம். டெல்லியிலுள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் ரயில் டிரான்ஸ்போர்ட்டின் அஞ்சல்வழி டிப்ளமாக்கள், வதோதராவின் கதி சக்தி பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். இந்தி கொஞ்சம் பேச வந்தால் டெர்மினல்களில் வேலை சுலபம்.

நேர்காணலுக்குப் போனால் நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் பெட்டிகளில் எத்தனை பங்கு காலியாகத் திரும்புகிறது, உமிழ்வுக் கணக்கில் முனை லாரிகளைச் சேர்க்கிறீர்களா? தெளிவான பதில் சொல்லும் நிறுவனத்தில் சேருங்கள்.