டிஸ்க் இமேஜ்: விம்பமா, படிமமா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கணினி வகுப்புகளில் கொடுக்கும் குறிப்புகளில் ‘டிஸ்க் இமேஜ்’ என்பதை ‘வட்டு விம்பம்’ என்று எழுதுகிறார்கள். ஓரிடத்துக் குறிப்பை இன்னோரிடத்தில் பார்த்தெழுதி, இப்போது பிள்ளைகள் வாயிலும் அதுவே வருகிறது. அண்மையில் ஒரு தம்பி, “அண்ணே, விம்பத்த பென்ல போட்டுட்டேன், மெஷின் எடுக்க மாட்டேங்குது” என்று வந்து நின்றான். பென்னை, அதாவது பென் டிரைவைத் திறந்தால் பாட்டுகளுக்கும் பாஸ்ட் பேப்பர்களுக்கும் நடுவில் ஐஎஸ்ஓ கோப்பு அப்படியே கிடக்கிறது. கொப்பி பேஸ்ட் செய்திருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் அவனுக்கு எதையும் விளக்கவில்லை.

சொல்லின் கதை சின்னதுதான். ‘இமேஜ்’ லத்தீன் ‘இமாகோ’விலிருந்து வந்தது, உரு, சாயல் என்று பொருள். கணினியில் அது ஒரு வட்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை ஒரே கோப்பாக ஆக்கியது. உள்ளே இருக்கும் கோப்புகளோடு, அவற்றை வட்டில் அடுக்கிவைக்கும் கோப்பு முறைமையும், மெஷினைக் கிளப்பும் நிரலும், வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பிரிவு அட்டவணை இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். கோப்புப் பெயரின் ‘ஐஎஸ்ஓ’ என்ற வால், 1988இல் வெளியான ஐஎஸ்ஓ 9660 என்ற இறுவட்டுத் தரத்திலிருந்து ஒட்டிக்கொண்டது.

சரி, விம்பத்துக்கு வருவோம். நம் விஞ்ஞானப் பாடப் புத்தகங்களில் ஆடியிலும் வில்லையிலும் தெரிவது விம்பம். மெய் விம்பம், மாய விம்பம் என்று மனப்பாடம் செய்தவர்கள்தான் நாம் எல்லோரும். அந்த இடத்தில் அது அருமையான சொல். ஆனால் மெழுகுதிரியை அப்பால் எடுத்துவிட்டால் விம்பமும் போய்விடும். பொருள் இல்லாமல் விம்பம் இல்லை. டிஸ்க் இமேஜின் கதையே வேறு. மூல வட்டு உடைந்து குப்பைக்குப் போன பிறகும் இமேஜ் இருக்கும். இன்னொரு வட்டில் எழுதினால் அதுவே வட்டாகும். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதள வெளியீடுகளுக்கோ மூல வட்டு என்று ஒன்று இருக்கவே தேவையில்லை. இமேஜை நிரலே நேராகக் கட்டி முடிக்கிறது. எந்தப் பொருளின் விம்பம் அது? ‘வட்டுப் படம்’ என்பவர்களோடு வாதாடவே வேண்டாம், போட்டோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ‘நகல்’ இன்னும் ஆபத்து. கொப்பி பேஸ்டுக்கு நேராக வழி காட்டும் சொல் அது.

‘படிமம்’ என்பதே பொருந்தும். வடமொழி ‘பிரதிமா’ பாகதத்தில் ‘படிமா’ ஆகி நம்மிடம் படிமம் ஆயிற்று என்பார்கள். ‘படியெடுத்தல்’ என்பதில் உள்ள ‘படி’யோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் தனித்து நிற்கும் முழு உருவைக் குறிக்கும் சொல். அது கவிதைக்காரர்களின் சொல்லாயிற்றே என்கிறார்கள். இருக்கட்டுமே. பறவைக்கும் அலகு உண்டு, அளவைக்கும் அலகு உண்டு, யாரும் குழம்பியதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் வீபீ தேயிலையை, அதாவது துண்டு நட்டு வளர்க்கும் தேயிலையைக் காட்டித்தான் விளக்குவேன். தாய்ச்செடியின் சிறு துண்டில் அந்தச் செடியின் குணம் முழுவதும் இருக்கிறது. தவறணை (நாற்றுமேடை) மண்ணில் ஊன்றினால்தான் செடி. துண்டைப் பையோடு வைத்திருந்தால் சருகு. படிமத்தைப் பென்னில் எழுதும் ரூஃபஸ், டிடி போன்ற மென்பொருள் கருவிகள் செய்வது அந்த ஊன்றுகிற வேலை. வென்டாய் என்ற இன்னொரு கருவியைப் போட்ட பென்னில் கோப்பாக வைத்தாலே ஓடுகிறதே என்று கேட்கலாம். அங்கே படிமத்தைத் திறந்து கிளப்பும் நிரலை வென்டாய் முன்பே பென்னில் எழுதிவைத்திருக்கிறது.

சொல் சரியாக விளங்கினால் அடுத்த குழப்பமும் தீரும். லினக்ஸ் படிமத்தை அப்படியே பைட்டு பைட்டாக எழுதிய பிறகு 16 ஜிபி பென் சில எம்பி என்று காட்டலாம். விண்டோஸ் ‘ஃபார்மெட் செய்யவா’ என்றும் கேட்கலாம். பயந்து ஆமென்று அமுக்கி, எழுதியதை அழித்துவிடுகிறார்கள். பென் பழுதாகவில்லை. படிமம் தன் பிரிவு அட்டவணையையும் கொண்டுவந்து பதித்துவிட்டது, அதில் உள்ள கோப்பு முறைமை விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

நான் தனித்தமிழ் பிடிவாதக்காரன் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் ‘பரேட்’டைப் பிரட்டு ஆக்கி, தேயிலை ஃபெக்டரியை ஸ்டோர் என்று சொல்லி வாழ்ந்த சனம் நாங்கள். ‘இமேஜ்’ என்றே எழுதினாலும் எனக்குச் சம்மதம். பிழையான தமிழைவிடச் சரியான இரவல் மேல். என் கோபமெல்லாம், ஒரு பென்னையாவது எழுதிப் பார்க்காமல் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான். இமேஜ் என்றால் விம்பம், முடிந்தது வேலை. அதை நம்பி நாளெல்லாம் பென்னைக் குத்திக் குத்திப் பார்ப்பவன் தோட்டத்துப் பையன்.

குறிப்பு எழுதுகிறவர்கள் இனி வட்டுப் படிமம், படிமக் கோப்பு என்று எழுதுங்கள். பென்னில் ‘போடு’ என்று எழுதாமல் ‘படிமத்தை எழுது’ என்று எழுதுங்கள். எழுதும் முன், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு, அதை வெளியிட்டவர்கள் தந்த 64 எழுத்துகளோடு ஒப்பிடச் சொல்லி, அதைப் ‘படிமச் சரிபார்ப்பு’ என்று தனி வரியாகவே போடுங்கள்.