கலைத்திட்டம்: சொல்லின் பொருளும் நடுநிலை வகுப்புக் குழந்தையின் பருவமும்

‘கரிகுலம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால், தமிழ்நாட்டுப் பெற்றோர் பெரும்பாலும் ‘பாடத்திட்டம்’ என்பர். கல்வியியல் பட்டம் படித்த ஆசிரியர் ‘கலைத்திட்டம்’ என்பார். இலங்கையின் மூத்த ஆசிரியர் ஒருவர் ‘பாடவிதானம்’ என்றும் சொல்லக்கூடும். இம்மூன்றையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எழுதுவது இன்று இயல்பாகிவிட்டது. ஆயினும் இவை குறிக்கும் பொருள் ஒன்றன்று. அந்த வேறுபாடு மங்கும்போது அதன் விளைவு மிகுதியாகத் தெரிவது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள நடுநிலை வகுப்புகளில்தான்.

முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். ‘ஓடு’ என்று பொருள்படும் ‘குர்ரெரெ’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது ‘கரிகுலம்’. ஓட்டம், ஓட்டப்பந்தயம், பந்தயத் தேர் ஆகியவற்றை அச்சொல் குறித்தது. வாழ்நாளை ஓர் ஓட்டமாகக் கண்டு உரோமானியப் பேச்சாளர் சிசரோ அதே சொல்லை ஆண்டார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நாம் இணைக்கும் ‘கரிகுலம் வீட்டே’ அந்த வழியில் வந்ததுதான். மாணவர் முறைப்படி கடந்து முடிக்க வேண்டிய படிப்பு முழுவதையும் குறிக்கும் சொல்லாக இது 16, 17ஆம் நூற்றாண்டுகளில் லெய்டன், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களின் பதிவுகளில் இடம்பெறுகிறது. 1918இல் அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க்ளின் பாபிட் இத்துறைக்கென்றே தனி நூல் எழுதியபோது, பள்ளிக்குள்ளும் வெளியிலும் குழந்தை பெறும் அனுபவங்கள் அனைத்தும் இச்சொல்லின் எல்லைக்குள் வந்தன. எனினும், வளர்ந்த மனிதர் என்னென்ன செய்கிறார் என்று பட்டியலிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்து குழந்தை கற்க வேண்டியதை முடிவு செய்வதே பாபிட்டின் முறை; குழந்தையின் பருவம் அவருடைய கணக்கில் முதலிடம் பெறவில்லை.

‘சிலபஸ்’ என்னும் சொல்லின் கதை வேறு, சற்று வேடிக்கையானதும்கூட. ஏட்டுச்சுருள்களில் நூலின் பெயரைக் காட்டக் கட்டப்பட்ட சீட்டைக் குறித்த ‘சித்திபா’ என்னும் கிரேக்கச் சொல்லை, 15ஆம் நூற்றாண்டில் சிசரோவின் கடிதங்களை அச்சிட்டவர்கள் பிழையாகப் படித்ததால் இச்சொல் தோன்றியது. பிழையில் பிறந்தாலும் பொருள் பொருத்தமாகவே நிலைத்தது: ஒரு பாடத்தில் அடங்குவன எவை என்று சொல்லும் பட்டியலே சிலபஸ். ஓடும் தடமும் பெயர்ச்சீட்டும் ஒன்றாக முடியாது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘பாடம்’ என்பது ஓதுதலைக் குறிக்கும் வடசொல்லான ‘பாட’வின் வழி வந்தது; ‘மனப்பாடம்’, ‘பாடபேதம்’ ஆகிய சொற்களில் அப்பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. எனவே ‘பாடத்திட்டம்’ என்பது பாடப்பகுதிகளின் வரிசையைக் குறிக்கும் சிலபஸுக்கு நன்றாகப் பொருந்தும். ஆசிரியர் அறையில் ‘போர்ஷன் முடிந்ததா?’ என்று கேட்கிறார்களே, அந்தப் போர்ஷன் பாடத்திட்டத்தின் ஒரு துண்டு. ‘கலைத்திட்டம்’ என்பதிலுள்ள ‘கலை’யோ ஓவியத்தையும் நடனத்தையும் மட்டும் குறிப்பதன்று. கலைமகள், கலைச்சொல், பல்கலைக்கழகம், ஆயகலைகள் அறுபத்துநான்கு ஆகியவற்றில் உள்ளதுபோல, கற்கப்படும் அறிவுத்துறை அனைத்தையும் தழுவிய பழம்பொருள் இது. ‘கலைத்திட்டம் என்றால் பாட்டு வகுப்பா?’ என்று பெற்றோர் கேட்பதுண்டு. ‘கலை’யின் பொருள் இன்று குறுகிப்போனதன் விளைவு அந்தக் கேள்வி, அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. எதைக் கற்பிப்பது என்பதோடு யாருக்கு, எந்த வயதில், எந்த வரிசையில், எவ்வழியில் கற்பிப்பது, கற்றதை எப்படி மதிப்பிடுவது என்பனவும் கலைத்திட்டத்தில் அடங்கும். பாடத்திட்டம் அதனுள் ஒரு பகுதி.

‘எந்த வயதில்’ என்னும் கேள்விக்கு விடைகூறத் தமிழில் ஆயத்தமாக உள்ள சொல் ‘பருவம்’. இளமையை நுணுகிப் பார்ப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களைத் தருகிறது. பிள்ளைத்தமிழ் குழந்தைமையைப் பத்துப் பருவமாக வகுக்கிறது. பெண்ணின் ஏழு பருவங்களில் பெதும்பைக்கு 8 முதல் 11 வயது வரை என்றும், மங்கைக்கு 12, 13 வயது என்றும் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கை எடுத்துக்கொண்டால், ஆறாம் வகுப்பில் சேரும் சிறுமி ஒரு பருவத்தை விட்டு அடுத்ததில் கால்வைக்கும் தறுவாயில் இருக்கிறாள். ஆனால் அது, தலைவன் வீதியுலா வருவதைப் பாடும் உலா இலக்கியத்துக்காக, பார்ப்பவரின் கண்கொண்டு செய்யப்பட்ட பகுப்பு; அவள் என்ன சிந்திக்கிறாள் என்பதை அது சொல்வதில்லை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே (1896–1980). அவரது பகுப்பின்படி ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரை குழந்தை கண்ணால் கண்ட, கையால் தொட்ட பொருள்களைக் கொண்டே முறையாகச் சிந்திக்கும்; 11, 12 வயதுக்குப் பிறகுதான் ‘இப்படி இருந்தால் என்ன ஆகும்?’ என்று இல்லாத ஒன்றை வைத்துச் சிந்திக்கும் ஆற்றல் தலைகாட்டும். அவரும் உடன் ஆய்ந்த பார்பெல் இன்ஹெல்டரும் செய்த ஊசல் சோதனை இதற்குத் தெளிவான சான்று. ஊசல் ஆடும் வேகத்தை நூலின் நீளம் தீர்மானிக்கிறதா, குண்டின் எடை தீர்மானிக்கிறதா என்று கேட்டால், இளைய குழந்தை இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு விடையில் குழம்பும். வளர்ந்த பிள்ளை ஒன்றை நிறுத்திவைத்து மற்றொன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பன்னிரண்டாம் பிறந்தநாளன்று இந்த ஆற்றல் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை. 1970களில் இங்கிலாந்தில் மைக்கேல் ஷேயரும் உடன் ஆய்ந்தவர்களும் செய்த பெரிய அளவிலான ஆய்வில், 14 வயதினரில் பெரும்பாலோர் அந்நிலையை முழுமையாக எட்டியிருக்கவில்லை என்று தெரியவந்தது. ஒரே ஏழாம் வகுப்பில் இரண்டு நிலைகளிலும் உள்ள பிள்ளைகள் அருகருகே அமர்ந்திருப்பார்கள் என்பதே நடைமுறை. ‘பருவம் வரட்டும், பிறகு கற்பிப்போம்’ என்று காத்திருப்பதும் சரியான முடிவன்று. எந்தப் பாடத்தையும் எந்த வளர்ச்சி நிலையிலுள்ள குழந்தைக்கும் நேர்மையான ஒரு வடிவில் கற்பிக்க முடியும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் வாதிட்டார். அதே கருத்துக்குப் பின்னர் உயர்ந்த வடிவில் திரும்பத் திரும்ப வரும் சுருள்முறைக் கலைத்திட்டம் அவரது வாதத்திலிருந்து உருவானது.

ஆறாம் வகுப்பின் இயற்கணித அறிமுகத்தை இதற்கு எடுத்துக்காட்டலாம். ‘எக்ஸ் என்பது ஒரு மாறி’ என்று கரும்பலகையில் எழுதித் தொடங்கினால், பாடத்திட்டப்படி அந்தப் பகுதி நடந்ததாகிவிடும். மாறாக, தீக்குச்சிகளால் ‘ப’ என்னும் எழுத்தை அமைக்கச் சொல்லலாம். ஒரு ‘ப’வுக்கு 3 குச்சி, இரண்டுக்கு 6, பத்துக்கு 30 என்று பிள்ளைகள் அடுக்கிக்கொண்டே போவார்கள். நூறு என்றதும் அடுக்குவதை விட்டுப் பெருக்குவார்கள். ‘எத்தனை ‘ப’ என்றே நான் சொல்லாவிட்டால்?’ என்று ஆசிரியர் கேட்கும் இடத்தில் வகுப்பு ஒரு கணம் திகைக்கும். ‘நீங்கள் சொல்கிற எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும்’ என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். எக்ஸ் வந்து அமர வேண்டிய இடம் அதுதான். பாடப்பொருள் இரண்டு வழியிலும் ஒன்றே. இரண்டாவது வழியில்தான் கலைத்திட்டம் இருக்கிறது.

வளர்ச்சி என்பது சிந்தனை மட்டுமன்று, உடலும்தான். தமிழ்நாட்டு அறிவியல் பாடநூலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்னும் பாடம் எட்டாம் வகுப்பில் உள்ளது. சிறுமியர் பலர் ஏழாம் வகுப்பிலேயே, சிலர் அதற்கும் முன்பே, பூப்பெய்திவிடுகிறார்கள். தன் உடலில் நடந்து முடிந்த ஒன்றுக்கான விளக்கத்தை அந்தப் பிள்ளை ஓராண்டு கழித்து, தேர்வுக்குரிய வினாவிடையாகப் படிக்கிறாள். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமும் (என்.சி.இ.ஆர்.டி.) முன்பு இப்பாடத்தை எட்டாம் வகுப்பில்தான் வைத்திருந்தது; 2025இல் வந்த அதன் புதிய ஏழாம் வகுப்பு அறிவியல் நூலில் இது ஓராண்டு முன்னுக்கு வந்திருக்கிறது. என் கருத்தில் ஆறாம் வகுப்பே இதற்குரிய இடம்.

இந்த மூன்று வகுப்புகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களும் கருதத்தக்கவை. ‘உயர் தொடக்கநிலை’ என்றால் தொடக்கப் பள்ளியின் நீட்சி. ‘நடுநிலை’ என்றால் தனக்கென ஓர் இயல்புள்ள இடைப்பட்ட நிலை. அமெரிக்காவில் 1909ஐ ஒட்டித் தொடங்கிய இளநிலை உயர்நிலைப் பள்ளிகள், காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளியின் சிறிய நகலாகிவிட்டன என்ற குறை எழுந்தது. 1963இல் கல்வியாளர் வில்லியம் அலெக்சாண்டர் இவ்வயதினருக்கு வேறுவகைப் பள்ளி வேண்டும் என்று பேசியதிலிருந்தே அங்கு நடுநிலைப் பள்ளி இயக்கம் வளர்ந்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை 11 முதல் 14 வயது வரையுள்ள பகுதியைத் தனி நிலையாகப் பிரித்து, பாடத்துக்கோர் ஆசிரியர் என்னும் முறையை அங்கே தொடங்குகிறது. அக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அது வேறு விவாதம். ஆயினும் ஆறாம் வகுப்பில் பள்ளி வாழ்க்கை மாறுகிறது என்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் அறியும்.

பருவத்தின் பெயரிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ‘விடலைப் பருவம்’ என்று எழுதுவோர் உண்டு. சங்க இலக்கியத்தில் விடலை என்பது தலைவியை உடன்கொண்டு பாலைவழி செல்லும் வீர இளைஞனைக் குறித்தது. இன்றைய பேச்சில் அது இகழ்ச்சியாகத் தேய்ந்துவிட்டது, சிறுமியரைக் குறிக்கவும் உதவாது. உளவியல் நூல்களின் ‘குமரப் பருவம்’, இலங்கையின் ‘கட்டிளமைப் பருவம்’, தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘வளரிளம் பருவம்’ ஆகிய மூன்றும் ஏற்கத்தக்கவை. இருபாலாருக்கும் பொதுவாக நிற்பதாலும், வளர்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிலேயே காட்டுவதாலும் ‘வளரிளம் பருவம்’ எனக்கு உகந்தது.

ஆகவே கரிகுலம் என்பதற்குக் கலைத்திட்டம் என்றும், சிலபஸ் என்பதற்குப் பாடத்திட்டம் என்றும் எழுதுவதே முறை. ‘ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்திட்டம் வெளியானது’ என்பது சரி. ‘டிசம்பருக்குள் கலைத்திட்டத்தை முடிக்க வேண்டும்’ என்பது பிழை. வளர்ச்சிப் படிநிலைக்குப் பொருந்த அமைத்ததைப் ‘பருவத்துக்கு இயைந்த கலைத்திட்டம்’ எனலாம். ஆனால் தமிழ்நாட்டில் 2012–13 முதல் கல்வியாண்டின் மூன்று பகுதிகளையும் ‘பருவம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ‘இரண்டாம் பருவப் பாடநூல்’ என்று கடையில் கேட்கும் பெற்றோருக்கு அச்சொல் சில மாதக் கணக்கு. குழப்பம் நேரும் இடங்களில் ‘வளர்பருவத்துக்கு இயைந்த’ என்று எழுதலாம். ‘பாடவிதானம்’ தனித்த சொல்லாக வழக்கு குறைந்தாலும், விளையாட்டு, நாடகம், மன்றப் பணி ஆகியவற்றைக் குறிக்கும் ‘இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்’ என்னும் இலங்கைத் தொடரில் நிலைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அவற்றுக்குக் ‘கல்வி இணைச் செயல்பாடுகள்’ என்று பெயர்.