டோசியர்: முதுகில் பெயர் எழுதிய கட்டு

அரபு வரலாறு பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில் அண்மையில் இப்படி ஒரு வரியைப் படித்தேன்: 'பிரிட்டிஷ் அதிகாரிகள் தயாரித்த இபின் சவுதின் சுயவிவரம்.' (இபின் சவுத், சவுதி அரேபியாவை நிறுவிய மன்னர்.) இன்னொருவர் உட்கார்ந்து எழுதியது எப்படிச் சுயவிவரம் ஆகும்? வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் ஃபேஸ்புக்கில் கணக்குத் தொடங்கும்போதும் நம்மைப் பற்றி நாமே எழுதித் தருகிறோமே, அதுதான் சுயவிவரம். காலனி ஆட்சியின் உளவாளிகள் எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுதப்பட்டவருக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது.

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது எளிது. கணினித் திரையில் 'ப்ரொஃபைல்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் தமிழில் 'சுயவிவரம்' என்று போட்டுப் பழகிவிட்டோம். அந்த இடத்துக்கு அது பொருந்தும். அங்கிருந்து கழற்றி 1920களின் அரேபியாவில் மாட்டும்போது பொருள் தலைகீழாகிவிடுகிறது.

ப்ரொஃபைல் என்ற சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. 'ப்ரொஃபீலோ' என்றால் உருவத்தின் எல்லைக்கோடு, குறிப்பாகப் பக்கவாட்டில் பார்க்கும் முகத்தின் கோடு. அதன் வேர் லத்தீன் 'ஃபீலும்', அதாவது நூல், இழை. இழை இழுப்பதுபோல் ஒரு கோட்டை இழுத்து முகத்தை வரைவது. நாம் தினமும் சொல்லும் 'ஃபைல்' என்ற சொல்லுக்கும் இதே நூல்தான் வேர். தாள்களை நூலில் கோத்து வைத்ததால் அது ஃபைல். தமிழில் 'கோப்பு' என்று சொல் அமைத்தவர்கள் எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள்! கோ, கோத்தல், கோப்பு. ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்துச் சுவடியாகக் கட்டிய நாட்டில் அந்தச் சொல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

சரி, ஒருவரைப் பற்றிச் சேர்த்துவைக்கும் தாள்களுக்குச் சொல்லும் டோசியர்? இது பிரெஞ்சு. 'தோ' என்றால் முதுகு. தாள்களை ஒரு கட்டாகக் கட்டி, அதன் முதுகில் பெயரையோ பொருளையோ எழுதி ஒட்டுவார்கள். அதனால் அந்தக் கட்டுக்கே 'தோசியே' என்று பெயர் வந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆங்கிலத்துக்கு இது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போனது. அதே காலத்தில்தான் பிரான்சில் டிரைஃபஸ் வழக்கு நடந்தது. 1894-இல் அந்த யூத ராணுவ அதிகாரியை விசாரித்த நீதிபதிகளிடம் ஒரு 'ரகசிய தோசியே' கொடுக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தெரியாது, அவருடைய வழக்கறிஞருக்கும் தெரியாது. கட்டின் முதுகில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டும் அதைப் பார்க்க முடியாது என்ற நெடி இந்தச் சொல்லில் இன்றைக்கும் இருக்கிறது.

அரபு மொழியிலும் கதை இதேதான். கோப்புக்கு அவர்கள் சொல்லும் 'மலஃப்', சுருட்டு, சுற்று என்று பொருள்படும் 'லஃப்ப' என்ற வினையிலிருந்து வருகிறது. பேச்சு வழக்கில் எகிப்திலும் சிரியா பக்கத்திலும் 'தோசிய்யே' என்று பிரெஞ்சுச் சொல்லையே அரபாக்கிவிட்டார்கள்.

இப்போது அந்தக் கட்டுகளைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்போம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அரேபியாவை பிரிட்டன் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. பாரசீக வளைகுடாக் கரையை இந்திய அரசாங்கம் கவனித்துக்கொண்டது. பாரசீகக் கரையில் புஷெர் என்ற ஊரில் அரசியல் ரெசிடென்ட் என்ற தலைமைப் பிரதிநிதி, அவருக்குக் கீழே பஹ்ரைன், குவைத், மஸ்கட்டில் ஏஜென்டுகள். இவர்கள் எழுதியது டெல்லிக்கும் சிம்லாவுக்கும் போனது. ஏடன் 1932 வரை பம்பாய் மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. அரபு ஷேக்குகளைப் பற்றிய தாள்கள் இன்று, லண்டனில் இந்தியாவைக் கவனித்த 'இந்தியா ஆபீஸ்' துறையின் ஆவணங்களுக்குள் கிடப்பது இதனால்தான். மறுபக்கம், கெய்ரோவில் 1916-இல் தொடங்கிய 'அரபு பீரோ' என்ற பிரிட்டிஷ் உளவு அலுவலகம் மக்காவையும், அது இருக்கும் மேற்குக் கரைப் பகுதியான ஹிஜாஸையும் பார்த்தது. ஜித்தாவில் இருந்த துணைத் தூதரகம் 1930-இல் தூதரகமாக உயர்ந்தது. அது லண்டனுக்கு எழுதியது.

ஆட்களைப் பற்றி எழுதுவது இவர்கள் எல்லோருக்கும் வழக்கமான வேலை. இந்திய அரசாங்க அதிகாரி லோரிமர் தொகுத்த வளைகுடா விவரத்தொகுப்பில் (1908, 1915) ஆளும் குடும்பங்களின் வம்சாவளி மரங்களே உண்டு. 1917-இல் அரேபியாவின் ஆட்களைப் பற்றி மட்டுமே தனிக் கையேடு ஒன்று அச்சானது. பிறகு லண்டன் வெளியுறவு அலுவலகம், ஒவ்வொரு நாட்டிலும் இருக்கும் தூதரகம் 'முன்னணி பெர்சனாலிட்டிகள்' பற்றி ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டது.

அந்த 'பெர்சனாலிட்டி'யைத் தமிழில் என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு 'ஆளுமைகள்' என்று போட்டுவிடுகிறோம். இன்றைய தமிழில் ஆளுமை என்பது பாராட்டுச் சொல். இலக்கிய ஆளுமை, இசை ஆளுமை என்று மேடையில் மாலை போடும்போது சொல்வது. தூதரக எழுத்தர் அந்த மனநிலையில் எழுதவில்லை. ஊரில் யார் யாருக்குச் செல்வாக்கு, யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்ற கணக்கு அது. இதற்கு நம்மிடம் தெருவிலேயே சொல் இருக்கிறது: முக்கியப் புள்ளி. 'முக்கியப் புள்ளிகள் பற்றிய ஆண்டறிக்கை' என்றால் அந்தத் தாளின் வாசனை அப்படியே வந்துவிடும்.

ஒரு பதிவு எப்படி இருக்கும்? முதலில் வரிசை எண். பிறகு பெயர். அடுத்து 'ஏறத்தாழ இந்த ஆண்டில் பிறந்தவர்'. பிறப்புச் சான்றிதழ் இல்லாத நாடு, ஆகவே வயது எல்லாம் பார்வைக் கணிப்பு. எந்தக் குலம், தகப்பனார் யார், யார் வீட்டில் பெண் கட்டியிருக்கிறார், எந்தெந்த மொழி பேசுவார், எந்தப் பதவி. கடைசியில் குணம்: கெட்டிக்காரரா, பணத்தாசை உண்டா, பேச்சை நம்பலாமா, நம்மிடம் நட்பாக இருக்கிறாரா. அந்த 'நம்மிடம்' என்ற ஒரு சொல்தான் முழுத் தாளையும் தாங்கி நிற்கும் தூண். அடுத்த ஆண்டு பழைய பத்தியைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு கீழே ஒரு வரி சேர்ப்பார்கள். யாரோ ஒருவர் ஒரு மாலை நேரத்தில் எரிச்சலில் எழுதிய ஓர் அடைமொழி, அவர் ஊர் திரும்பிய பிறகும் ஆண்டுக்கணக்கில் ஒருவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே போகும்.

1930களின் சவுதி அறிக்கைகளில் யார் யாரெல்லாம் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஃபுவாத் ஹம்சா லெபனானைச் சேர்ந்தவர், துரூஸ் என்ற சிறுபான்மைச் சமயத்தவர். வெளியுறவில் இளவரசர் ஃபைசலுக்கு அடுத்த நிலை. ஹாஃபிஸ் வஹ்பா எகிப்தியர்; 1930 முதல் லண்டனில் சவுதி தூதர். அப்துல்லா சுலைமான் நிதியமைச்சர். 1933 மே மாதம் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். இவர்களில் ஃபுவாத் ஹம்சாவும் ஹாஃபிஸ் வஹ்பாவும் அந்த நாட்டைப் பற்றி அரபியில் தாங்களே நூல் எழுதி வெளியிட்டவர்கள். சுயவிவரம் என்று எதையாவது சொல்வதானால் அந்த நூல்களைச் சொல்லலாம்.

இரண்டு கண்ணால் பார்த்ததன் விளைவு 1919-இல் தெரிந்தது. இந்திய அரசாங்கத்தின் ஆட்கள், நடு அரேபியாவான நஜ்தை ஆண்ட அப்துல் அஸீஸை, அதாவது இபின் சவுதை, நேரில் அறிந்தவர்கள். 1915 டிசம்பரில் அவரோடு ஒப்பந்தம் செய்தார்கள். 1917 முதல் மாதம் 5,000 பவுன் உதவித்தொகையும் போனது. கெய்ரோ ஆட்களுக்கு, மக்காவை ஆண்ட ஷரீஃப் ஹுசைன்தான் எல்லாம். இபின் சவுத் பாலைவனத்தின் ஒரு சிற்றரசர், அவ்வளவே. குர்மா என்ற பாலைவனச் சோலை யாருக்கு என்று இருவருக்கும் தகராறு முற்றியபோது, மார்ச் மாதம் லண்டனில் பிரிட்டிஷ் அமைச்சர் கர்சன் தலைமையில் கூட்டம் நடந்தது. சண்டை வந்தால் ஹுசைனின் படை ஜெயித்துவிடும் என்று அங்கே கருதினார்கள். இரண்டே மாதத்தில், மே இறுதியில், துரபா என்ற இடத்தில் ஹுசைனின் மகன் அப்துல்லாவின் படை இரவில் தூங்கிக்கொண்டிருந்தபோது, இபின் சவுதின் படையான இக்வான் வீரர்கள் புகுந்து அதைத் துடைத்தெறிந்தார்கள். அப்துல்லா உயிர்தப்பி ஓடினார். ஒரே மனிதரைப் பற்றி ஒரே சாம்ராஜ்யத்தின் இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாக எழுதிவைத்திருந்தன. பலமாகக் குரல் கொடுத்தவர்களின் பேச்சு எடுபட்டது.

திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரம் இதைத்தான் எச்சரிக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. ஒற்று என்பது அழகான சொல். ஒற்றுதல் என்றால் மெல்ல அழுத்தி எடுப்பது. கண்ணீரை ஒற்றுகிறோம், ஈரத்தை ஒற்றுகிறோம். சத்தமில்லாமல் ஒத்தி எடுப்பவன் ஒற்றன். உளவு என்பதும் 'உள்' என்பதிலிருந்து வருவது. உள்ளே இருப்பதை அறிவது. இந்த இரண்டும் கையில் இருக்கும்போது, 'இன்டெலிஜென்ஸ்' என்று கண்டவுடன் 'நுண்ணறிவு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அரசுத் துறைப் பெயர்களில் அது நிலைபெற்றுவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் இங்கே இன்டெலிஜென்ஸ் என்பதற்குச் சேதி, துப்பு என்றுதான் பொருள். வரலாறு எழுதும்போது உளவு என்றே எழுதலாம்.

துரபாவில் தப்புக் கணக்குப் போட்டதற்கு விலை கொடுத்தது படைவீரர்கள். பஹ்ரைனில் இன்னொரு வகை. 1923-இல் அங்கிருந்த பிரிட்டிஷ் ஏஜென்ட் மேஜர் டேலியின் காலத்தில், முதிய ஷேக் ஈசா பின் அலி ஆட்சியிலிருந்து விலக்கப்பட்டார். அதை எதிர்த்தவர்களில் ஒருவர் அப்துல் வஹாப் ஸயானி, முத்து வணிகக் குடும்பம். அவரைக் கைது செய்து பம்பாய்க்கு நாடு கடத்தினார்கள். ஊர் திரும்பாமலே 1925-இல் இறந்தார். ஒருவர் பெயருக்கு எதிரே 'எதிர்ப்பாளர்' என்று எழுதினால் அது வெறும் வருணனையாக நிற்பதில்லை. அந்தத் தாளைப் படித்தவர்கள் கையில் கப்பலும் காவலும் இருந்தன. இதை நினைத்தால்தான் 'சுயவிவரம்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், என்னதான் எழுதுவது? ஒரு மனிதரைப் பற்றிய ஒரு பத்திக் குறிப்புக்கு 'ஆட்குறிப்பு' போதும். ஆட்கொணர்வு மனு என்று நீதிமன்றச் செய்திகளில் படித்துப் பழகியதால் காதுக்கு அந்நியமாக இருக்காது. உளவு வேலை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'உளவுக்குறிப்பு'. குறிப்புகள், கடிதங்கள், தந்திகள் எல்லாம் சேர்ந்த டோசியருக்கு 'கோப்பு' தப்பில்லை, ஆனாலும் 'கட்டு' இன்னும் நெருக்கம். வக்கீல்கள் 'கேஸ் கட்டு' என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவது அச்சு அசலாகத் தோசியேதான். 'ஆள்கட்டு' என்று ஒரு சொல்லை அமைத்துப் பார்த்தேன். அடியாள் பலம்போல் கேட்கிறது, வேண்டாம். 'உளவுக் கட்டு' நன்றாகவே நிற்கிறது.

அந்தக் கட்டுரை வரியை இப்படித் திருத்துவேன்: 'பிரிட்டிஷ் அதிகாரிகள் இபின் சவுதைப் பற்றி எழுதிவைத்த ஆட்குறிப்பு.' கூடவே, அவருடைய பெயர் அப்துல் அஸீஸ் என்பதையும் ஓரிடத்தில் சொல்லிவிட வேண்டும். இபின் சவுத் என்பது குலத்தைச் சொல்லி அழைக்கும் பட்டம். வெளிநாட்டார் எழுதிவைத்த கட்டுகளின் முதுகில் அந்தப் பட்டமே ஒட்டப்பட்டு, நமக்கும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.